எங்கள் வீட்டு இத்தாலியரும் ஒரு தமிழ்ச் சொல்லும்

1

சென்ற கப்பலில் வந்த பத்திரிகையில், இந்தத் தீவுக்கு வந்துபோன கனவான் ஒருவர் எங்களைப் பற்றி எழுதியிருந்ததைப் படித்தேன். மொரீசியஸ் தமிழர்கள் தாய்மொழியை மென்று துப்பிவிட்டார்களாம். பிள்ளைகள் பெற்ற தாயை ‘மாமா’ என்று கூப்பிடுகிறார்களாம். நீங்களும் படித்துச் சிரித்திருப்பீர்கள். அவர் சாப்பிட்டுப் போன வீடு எங்கள் வீடுதான். அந்தத் தாய் நான்தான்.

இந்தத் தீவில் எல்லோரும் பேசும் கிரியோல் மொழியில் மாமா என்றால் அம்மா. என் மகன் சோமு தெருவில் கற்றுக்கொண்ட சொல் அது. முதன்முதலில் அவன் அப்படிக் கூப்பிட்ட அன்று எனக்கும் அழுகை வந்தது. நான் நாகப்பட்டினத்தில் ஒரு பள்ளிக்கூட வாத்தியாரின் மகள். பெண் தேடி ஊருக்கு வந்த முத்தையனுக்கு என்னைக் கொடுத்தார்கள். கப்பலேறி இந்தக் கான் தெ மாஸ்க் கிராமத்துக்கு வந்தேன். என் மாமனார் ஒப்பந்தக் கூலியாக வந்தவர். தோட்டத்துரைகள் நிலத்தைத் துண்டு போட்டு விற்ற காலத்தில் கொஞ்சம் வாங்கி, தன் கரும்பைத் தானே ஆலைக்கு ஓட்டியவர். அவர் பிள்ளைகள் இருவர். மூத்தவர் என் கணவர். இளையவர் ஆறுமுகம்.

வந்த புதிதில் நான் எல்லோருடைய தமிழையும் திருத்திக்கொண்டிருந்தேன். இவர்கள் ‘மழை விழுவுது’ என்பார்கள். நான் ‘பெய்கிறது’ என்பேன். அவர்கள் சிரித்துவிட்டு அடுத்த நாளும் மழையை விழவைப்பார்கள். இந்த ஊர்த் தமிழை நினைத்துப் பெருமைப்பட ஒரு நாள் வரும் என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். அந்த நாள் வந்தது. அது வந்தது ஓர் இத்தாலியரோடு. அவரைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். நேற்று அவருடைய பிறந்த நாள். எங்கள் வீட்டில் பாயசம் வைத்தோம்.

2

அவர் பெயர் ஒத்தாவியோ. எங்கள் ஊரில் மிசியே ஒத்தாவ், அதாவது ஒத்தாவ் ஐயா. இத்தாலியின் வடக்கே மலையடிவாரத்துச் சிற்றூர் ஒன்றில் பிறந்தவர். தகப்பனார் கொத்தனார். பனி உருகியதும் அந்நிய நாடுகளுக்குப் போய் மலையைக் குடைந்து ரயில்பாதை போடுவாராம். பனி விழும்போது வீடு திரும்புவாராம். தாயாருக்கு அந்த மலைப் பேச்சைத் தவிர வேறு பேச்சுத் தெரியாது. பள்ளிக்கூடத்தில் அந்தப் பேச்சு வாயில் வந்தால் உள்ளங்கையில் அடி விழும். அடி வாங்கிய பையன்தான் வளர்ந்து, மொழிகளை ஆராயும் பேராசிரியர் ஆனார்.

அவர் நாவலாசிரியரும்கூட. தகப்பனாரைப் போல அயல்நாட்டுக்குப் போய்ப் பாறைக்கடியில் மடிந்தவர்களைப் பற்றி நல்ல இத்தாலிய மொழியில் ஒரு நாவல் எழுதினார். அந்த நாட்டில் அழாமல் அதைப் படித்தவர் இல்லை என்றார்களாம். அடுத்த நாவலில் மனிதர்களைத் தன் தாயாரின் பேச்சிலேயே பேசவிட்டார். முன்பு அழுதவர்களே இந்தப் புத்தகத்தில் மாட்டுக்கொட்டகை நாற்றம் அடிக்கிறது என்று எழுதினார்கள். அன்று மூடி வைத்த பேனாவை அவர் நாவலுக்காகப் பிறகு வெகுகாலம் திறக்கவில்லை. ஆராய்ச்சிக் கட்டுரைகள் மட்டும் எழுதினார்.

பிறகு அங்கே கறுப்புச் சட்டைக்காரர்களின் சர்வாதிகார ஆட்சி வந்தது. பேராசிரியர்கள் எல்லோரும் அந்த ஆட்சிக்கு விசுவாசமாக இருப்பதாகச் சத்தியம் செய்ய வேண்டும் என்றார்கள். இவர் மாட்டேன் என்றார். வேலை போயிற்று. இந்தத் தீவில் அவருக்கு ஒரு டாக்டர் நண்பர் இருந்தார். மொழிகள் ஒன்றோடொன்று கலக்கும் இடத்தைப் பார்க்க வேண்டும் என்ற ஆசையும் வெகுநாளாக இருந்தது. கப்பலேறிவிட்டார்.

டாக்டர் வீட்டில் எல்லோரும் அவரிடம் பிரெஞ்சிலேயே பேசினார்கள். ஒரு கிராமத்தில் இடம் பார்த்துக் கொடுங்கள் என்று அவர் கேட்டிருக்கிறார். டாக்டருக்கு என் கணவரைத் தெரியும். இப்படித்தான் எங்கள் வீட்டுப் பக்கத்து அறைக்கு வந்து சேர்ந்தார்.

பழைய இலக்கணப் புத்தகம் ஒன்றை வைத்து அவர் ஏற்கெனவே தமிழ் படித்திருந்தார். வந்த அன்று என் மாமியாரை வணங்கி, “அன்னையே, நலமாக உள்ளீரா?” என்றார். என் மாமியார் என் பக்கம் திரும்பி, இது லத்தீனா என்று கிரியோலில் கேட்டார். எங்கள் நாட்டுக்கு வந்து தமிழுக்கு இலக்கணம் எழுதிய இத்தாலியப் பாதிரியாரை நீங்கள் அறிவீர்கள். இவர் நேர்மாறு. இலக்கணத்தோடு வந்து, அதை மறப்பதற்குப் பாடுபட்டார்.

அவருக்குப் பிடித்ததெல்லாம் நான் திருத்தியவைதான். என் மாமியார் இரவில் விளக்கை அணைக்கச் சொல்லும்போது ‘அணை’ என்று சொன்னதே இல்லை. ‘கொன்னுடு’ என்பார். கல்யாணமாகி வந்த அன்று இரவு அவர் அப்படிச் சொன்னபோது, எந்தக் கோழியைச் சொல்கிறார் என்று நான் முற்றத்தைப் பார்த்தேன். கிரியோலில் விளக்கையும் நெருப்பையும் அணைப்பதற்குக் ‘கொல்வது’ என்றுதான் சொல். அதை இவர்கள் அப்படியே தமிழில் ஏற்றிவிட்டார்கள். ஒத்தாவியோ இதைக் கேட்டதும் முகம் மலர்ந்துவிட்டார். தன் தாயார் விளக்கை அணைக்கச் சொல்லும் சொல்லுக்குள்ளும் சாவு என்ற சொல்தான் ஒளிந்திருக்கிறது என்றார்.

“அம்மா, தயவுசெய்து இவர்களைத் திருத்தாதீர்கள்,” என்றார் என்னிடம். “நான் இன்னும் கேட்டு முடிக்கவில்லை.”

எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. கொஞ்சம் கோபமாகவும் இருந்தது.

3

அடுத்த கரும்பு வெட்டுக் காலத்தில், ஒரு பிற்பகலில், எங்கள் நிலத்தை ஒட்டிய எஸ்டேட் வயலில் தீப்பிடித்தது. காற்று பலமாக இருந்தது. முதலில் பார்த்தவர் ஆறுமுகம். தனியாகவே ஓடினார். பச்சைத் தோகையைக் கட்டாக வெட்டி அடித்து அடித்து, நெருப்பு எங்கள் பக்கமும் கூலிகளின் குடியிருப்புப் பக்கமும் போகாமல் நிறுத்தினார். மற்றவர்கள் போய்ச் சேரும்போது இரண்டு கைகளும் முழங்கைவரை வெந்து, வரப்பில் உட்கார்ந்திருந்தார்.

வயலுக்குள்ளே எஸ்டேட் காவல்காரர் செத்துக் கிடந்தார். புகையில் வழி தெரியாமல் விழுந்திருக்கிறார். அவருக்கும் ஆறுமுகத்துக்கும் அதற்கு முன் ஒரு சண்டை நடந்திருந்தது. எங்கள் மாடு எஸ்டேட் வயலில் மேய்ந்ததைப் பற்றி ஊரறிய வாய்ச்சண்டை. போலீசுக்கு அது போதுமாக இருந்தது.

ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே வாக்குமூலம் வாங்கினார்கள். அதிகாரி இங்கிலாந்துக்காரர். அவரோடு மொழிபெயர்ப்பாளர் ஒருவர் வந்தார். சென்னைப் பக்கத்திலிருந்து அப்போதுதான் வந்து வேலையில் சேர்ந்தவர். ஆறுமுகம் இந்தத் தீவில் பிறந்து கிரியோலில் கனவு காண்கிறவர். கிரியோலில் பேசியிருந்தால் ஒன்றும் நேர்ந்திருக்காது. ஏன் தமிழில் பேசினீர்கள் என்று பிறகு நான் கேட்டேன்.

“ஊர்லேந்து வந்த மிசியே அவ்வளவு நல்லா தமிழ்ல கேட்டாரு அண்ணி,” என்றார். “நான் கிரியோல்ல சொன்னா மரியாதையா இருக்குமா?”

அந்த மரியாதை அவரைக் கொலைக் குற்றவாளி ஆக்கியது.

4

விசாரணை பட்டணத்து நீதிமன்றத்தில் நடந்தது. எங்கள் ஊர்க்காரர்கள் மாட்டுவண்டிகளில் வந்து வெளியே மரத்தடியில் நின்றார்கள். உள்ளே நானும் என் கணவரும் ஒத்தாவியோவும் பின்பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம்.

வாக்குமூலத்தை இங்கிலீஷில் படித்தார்கள். “எரிந்துகொண்டிருந்தது. நான் ஓடினேன். நான்தான் அவனைக் கொன்றேன். அங்கே வேறு யாரும் இல்லை.” எங்கள் வக்கீல் எழுந்து, அந்த மனிதர் சொன்ன தமிழ் வார்த்தைகளை அப்படியே சொல்ல முடியுமா என்று மொழிபெயர்ப்பாளரைக் கேட்டார். அவர் யோக்கியமான மனிதர். ஒரு சொல்லையும் மாற்றாமல் சொன்னார்.

“எரிஞ்சுது. ஓடினேன். நான்தான் கொன்னேன். வேற யாரும் இல்ல.”

 கைக்குழந்தைக்குப் பருந்து காட்டி விளையாடுகிற ஆறுமுகமா? என் கணவரைப் பார்த்தேன். அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

“ஆமா, கொன்னான். நெருப்பைக் கொன்னான்,” என்றார் மெதுவாக. “அதுக்கு ஏன் எல்லாரும் இப்படிப் பாக்குறாங்க?”

அப்போதுதான் எனக்கு விளங்கியது. இத்தனை வருஷம் அந்தச் சொல்லோடு ஒரே வீட்டில் குடியிருந்தும், நாகப்பட்டினத்துத் தமிழ்க் காதோடு கேட்டதால் எனக்குக் கொலைதான் கேட்டது. மொழிபெயர்ப்பாளருக்கும் அப்படித்தான் கேட்டிருக்கிறது. ‘அவனை’ என்ற சொல் ஆறுமுகத்தின் வாயிலிருந்து வரவே இல்லை. இங்கிலீஷ் வாக்கியத்துக்கு யாரைக் கொன்றான் என்று ஒன்று வேண்டியிருந்தது. மொழிபெயர்ப்பாளர் போட்டுக் கொடுத்துவிட்டார்.

திரும்பிப் பார்த்தால் ஒத்தாவியோ ஏற்கெனவே எழுந்து நின்றுகொண்டிருந்தார்.

வெளியே வந்ததும் வக்கீல் விஷயத்தைக் கேட்டுக்கொண்டு, குற்றம் சாட்டப்பட்டவரின் அண்ணனும் அண்ணியும் சொன்னால் எடுபடாது, மொழி படித்த ஒருவர் கூண்டில் ஏறிச் சொல்ல வேண்டும் என்றார். என் கணவர் உடனே வேண்டாம் என்றார். காரணம் இருந்தது. ஒத்தாவியோவின் பாஸ்போர்ட் காலாவதியாகப் போகிறது. அதைப் புதுப்பிக்க வேண்டியவர் துறைமுகப் பட்டணத்தில் அவருடைய நாட்டுக்குப் பிரதிநிதியாக இருந்த வியாபாரி. சத்தியம் செய்யாத பேராசிரியர் ஒருவர் இங்கே கரும்புக்குள் இருக்கிறார் என்பது அந்த வியாபாரிக்கு அதுவரை தெரியாது. கூண்டில் ஏறினால் பெயர் பத்திரிகையில் வரும். பாஸ்போர்ட் இல்லாதவரை அரசாங்கம் கப்பலில் ஏற்றிவிடும். ஏற்றினால் போய்ச் சேரும் இடம் சிறைச்சாலை.

“உங்களுக்கு எதுக்கு மிசியே இந்தக் கஷ்டம்? நாங்க வேற யாரையாவது பாத்துக்குறோம்,” என்றார் என் கணவர்.

வேறு யாரும் இல்லை என்பது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். ஒத்தாவியோ தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு வண்டியில் ஏறினார். அடுத்த விசாரணைக்கு எந்தச் சட்டையைப் போட்டுக்கொள்வது என்று மட்டும் என்னைக் கேட்டார்.

அந்த நாளும் வந்தது. எதிர்த்தரப்பு வக்கீல் அவரை முதலில் நாவலாசிரியர் என்றே அழைத்தார். கதை கட்டுவதுதானே உங்கள் தொழில் என்றார். பிறகு, சொந்த நாட்டில் ஏன் வேலையிலிருந்து நீக்கினார்கள் என்று கேட்டார். ஒத்தாவியோ பிரெஞ்சில் நிதானமாகப் பதில் சொன்னார். எங்கள் வக்கீல் பிறகு எனக்கு அதை வார்த்தைக்கு வார்த்தை சொன்னார்.

“ஒரு வாக்கியத்தைச் சொல்ல மறுத்தேன், அதற்காக வேலையை இழந்தேன். இந்த மனிதர் சொல்லாத ஒரு வாக்கியத்துக்காக உயிரை இழக்கப் பார்க்கிறார். அதனால்தான் வந்தேன்.”

இந்த ஊர்த் தமிழில் நெருப்பை அணைப்பதும் கொல்வதுதான் என்றார், தன் படிப்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. என்னை நம்ப வேண்டாம், ஒரு விளக்கைக் கொண்டுவந்து ஏற்றி வையுங்கள், வெளியே நிற்கிறவர்களை ஒவ்வொருவராக உள்ளே கூப்பிடுங்கள் என்று நீதிபதியைக் கேட்டுக்கொண்டார். உள்ளே நடந்தது ஒன்றும் அவர்கள் காதில் விழுந்திருக்காது. மொழிபெயர்ப்பாளரே அவர்களைத் தமிழில் கேட்கட்டும் என்றார்.

நீதிபதி சரி என்றார். பிறகு குமாஸ்தாவின் அறையிலிருந்து விளக்கு வந்தது. நல்ல வெயில் நேரத்தில், சட்டப் புத்தகங்களுக்கு நடுவே அது எரிந்தது.

முதலில் வந்தவர் வண்டிக்காரர் கோவிந்தன். மொழிபெயர்ப்பாளர் விளக்கைக் காட்டி, இதை என்ன செய்யலாம் என்று கேட்டார். கோவிந்தன் நீதிபதியையும் விளக்கையும் மாறி மாறிப் பார்த்தார்.

“பகல்ல எதுக்கு மிசியே எண்ணெயை வீணாக்குறீங்க? கொன்னுடுங்க.”

அடுத்து பால்காரப் பெண் வந்தாள். கொன்னுடுங்க என்றாள். கோயிலுக்குப் பூக்கட்டுகிறவர் வந்தார். அவர் பயத்தில் கேள்விக்குக்கூடக் காத்திருக்காமல், நான் கொன்னுடட்டுமா என்று விளக்குப் பக்கம் போனார். நீதிபதி கையைக் காட்டி நிறுத்தினார். அந்த வெள்ளைக்கார நீதிபதி தீவிலேயே பிறந்தவர். தன் வீட்டு வேலைக்காரர்கள் கிரியோலில் தினமும் விளக்கைக் கொல்வது அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும். முகம் மாறியது.

அப்போது மொழிபெயர்ப்பாளர் தானாகவே ஓரடி முன்னால் வந்தார். தான் செய்த மொழிபெயர்ப்பு தவறு என்றும் அதைத் திரும்பப் பெற்றுக்கொள்ள அனுமதிக்க வேண்டும் என்றும் இங்கிலீஷில் சொன்னார்.  யாரும் அவரை அப்படிச் சொல்லச் சொல்லவில்லை.

காவல்காரரின் உடம்பில் புகையைத் தவிர வேறு காயம் இல்லை என்று ஆஸ்பத்திரி டாக்டர் முன்பே எழுதியிருந்தார். அதை அதுவரை யாரும் பொருட்படுத்தவில்லை. இப்போது பொருட்படுத்தினார்கள். ஆறுமுகத்தை விட்டுவிட்டார்கள். தீ எப்படிப் பிடித்தது என்பது இன்றுவரை தெரியாது.

வெளியே வந்ததும் மொழிபெயர்ப்பாளர் கைகூப்பிக்கொண்டு வந்தார். ஆறுமுகத்தின் கைகளில் கட்டு இருந்தது. திருப்பிக் கும்பிட முடியவில்லை. அவர் தலையைக் குனிந்தார்.

“நீங்க பேசுன தமிழ் ரொம்ப நல்லா இருந்துச்சு மிசியே,” என்றார். “அதான் நானும் பேசினேன்.”

5

பயந்தது நடந்தது. பத்திரிகையில் பெயர் வந்தது. பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்க அந்த வியாபாரி மறுத்துவிட்டார். அரசாங்கத்திலிருந்து ஓர் ஆள் வந்து, அடுத்த கப்பலுக்குத் தயாராக இருக்கும்படி சொல்லிவிட்டுப் போனார்.

என் கணவரும் இன்னும் சில சின்னத் தோட்டக்காரர்களும் ஞாயிற்றுக்கிழமைச் சட்டைகளைப் போட்டுக்கொண்டு துறைமுகப் பட்டணத்துக்குப் போனார்கள். இந்த மனிதருக்கு நாங்கள் ஜாமீன், எங்களோடு இருக்கட்டும் என்று சொல்வதற்காக. ஓர் அறையிலிருந்து இன்னோர் அறை, அங்கிருந்து மாடி, மாடியிலிருந்து மறுபடி முதல் அறை. கடைசியில் ஒரு குமாஸ்தா, இத்தாலியர் உங்களுக்கு என்ன உறவு என்று கேட்டார்.  எங்கள் வீட்டு ஆள் என்று என் கணவர் கிரியோலில் சொன்னார். குமாஸ்தா அதை இங்கிலீஷில் ‘வீட்டு வேலைக்காரர்’ என்று எழுதிக்கொண்டார்.

அந்தப் பதிவின்மேல்தான் அனுமதி கிடைத்தது. உலகத்துப் பல மொழிகளை அறிந்த பேராசிரியர், கான் தெ மாஸ்க் முத்தையன் வீட்டு வேலைக்காரராக இந்தத் தீவில் தங்கினார். விஷயம் தெரிந்ததும் அவர் சிரித்த சிரிப்பில் என் மாமியார் பயந்து தண்ணீர் கொண்டு ஓடினார். மறுநாள் காலை கிணற்றடியில் சத்தம் கேட்டுப் போய்ப் பார்த்தேன். எங்கள் செம்புகளைத் தேய்த்துக்கொண்டிருந்தார். மிக மோசமாகத் தேய்த்தார்.

சோமுவைப் பற்றியும் சொல்ல வேண்டும். பட்டணத்துப் பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு படிக்கிற பிள்ளை. சிநேகிதர்கள் வந்தால் நான் தமிழில் பேசக் கூடாது என்று கண்ணாலேயே சொல்வான். வழக்கு முடிந்த பிறகு அவன் தமிழறிஞன் ஆகிவிட்டான் என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆகவில்லை. இன்றும் கிரியோல்தான். ஆனால் சித்தப்பாவின் வழக்கைச் சிநேகிதர்களுக்கு அவன் சொல்லும்போது நான் மறைவிலிருந்து கேட்டிருக்கிறேன். கதை முழுவதும் கிரியோலில் போகும். ‘நான்தான் கொன்னேன்’ என்பது மட்டும் தமிழில் வரும். அதைச் சொல்லும்போது அவன் குரலைத் தாழ்த்துவதில்லை. இப்போதெல்லாம் அவன் மாமா என்று கூப்பிட்டால் நான் என்ன ராசா என்று கேட்கிறேன்.

6

அந்த வருஷம் ஒத்தாவியோ மறுபடியும் நாவல் எழுத உட்கார்ந்தார். முழுக்க முழுக்கத் தன் தாயாரின் மலைப் பேச்சில். பேராசிரிய மொழியில் ஒரு வரிகூடக் கிடையாது என்றார். சுரங்கத்துக்குப் போன தகப்பனார்களுக்காகக் காத்திருந்த பெண்களின் கதையாம். ஏன் இப்போது என்று கேட்டேன். கொட்டகை நாற்றம் என்று சொன்னவர்களுக்குப் பயந்துதான் அத்தனை வருஷம் பேசாமல் இருந்தேன், வண்டிக்காரர் நீதிபதிக்கு முன்னால் தன் பேச்சைப் பேசியதைப் பார்த்த பிறகு வெட்கமாகிவிட்டது என்றார்.

அவருடைய நாட்டில் அதை அச்சிட முடியாது. அந்த ஆட்சிக்கு ஊர்ப்பேச்சுகளும் ஆகாதாம். எல்லை தாண்டி, அதே மொழி பேசும் ஸ்விட்சர்லாந்துப் பகுதியில் ஓர் அச்சுக்கூடக்காரர் அச்சிட்டார். அங்கிருந்து காய்கறிக் கூடைகளின் அடியில் மலைப்பாதை வழியாக அவர் பிறந்த ஊருக்கே சில பிரதிகள் போய்ச் சேர்ந்தன என்று பின்னால் தெரிய வந்தது. படிக்கத் தெரியாத கிழவிகளுக்கு அடுப்பங்கரையில் யாரோ படித்துக் காட்டினார்களாம். அதைக் கேள்விப்பட்ட அன்று அவர் கரும்பு வயலைச் சுற்றி நடந்துவிட்டு வந்தார்.

எங்களுக்கு ஒரு பிரதி கப்பலில் வந்தது. வீட்டில் எல்லோரும் கூடினோம். கோவிந்தனும் வந்திருந்தார். முதல் பக்கத்தில் சமர்ப்பணம். தமிழில் எழுதி அனுப்பியிருந்தாராம். அங்கே தமிழ் எழுத்து ஏது? அவர் கைப்பட எழுதியதைப் பார்த்து மரத்தில் செதுக்கி அச்சடித்திருக்கிறார்கள். பக்கத்தைத் திறந்தவர் அப்படியே தலையில் கைவைத்துக்கொண்டார். செதுக்கியவருக்கு எது மேல் எது கீழ் என்று தெரியவில்லை. வரி முழுவதும் தலைகீழாக விழுந்திருந்தது.

அவரால் தாங்கவே முடியவில்லை. இத்தனை பாடுபட்டு இப்படி ஆகிவிட்டதே, மறுபடி அச்சடிக்கச் சொல்கிறேன் என்று புலம்பினார். ஆறுமுகம் தழும்பேறிய கைகளால் புத்தகத்தை அவரிடமிருந்து வாங்கினார். திருப்பிப் பிடித்தார். எழுத்துக் கூட்டி, எல்லோருக்கும் கேட்கும்படி படித்தார்.

“கான் தெ மாஸ்க் ஊராருக்கு.”

அந்தப் புத்தகம் இப்போது எங்கள் கூடத்தில் இருக்கிறது. வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவோம். எங்களில் ஒருவருக்கும் அதற்குமேல் ஒரு வரி படிக்கத் தெரியாது. எங்கள் ஊர்ப் பெயர் நேராக இருக்க வேண்டும் என்பதற்காக, மற்றப் பக்கங்களையெல்லாம் தலைகீழாகவே பிடித்துக்கொண்டு நிற்போம்.